அவர் மாத்திரை அவர் கையில்

எங்கள் வீட்டில் பிரஷர் இரண்டு பேருக்கு. என் வீட்டுக்காரருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் அவருடையதைத்தான் சொல்வார்கள். என்னுடையது ரொம்ப நாள் வரை என் நாத்தனாருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நான் பெற்ற மகளுக்கே ஒரு காலத்தில் மறந்து போயிருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் எழுதாவிட்டால், ஊர் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும்தான் மிஞ்சும்.

மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல்தான் விவசாயம், இரண்டு மாடு, ஒரு மோட்டார் கொட்டகை. மகளைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கிற பெண் ஒரு நாள் காலையில் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, முகம் தெரிந்தவள். அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உறுமி அடங்கியதும் நம்பரைப் பார்த்து, "ஐயாவுக்கு ஜாஸ்தியா கீதுங்க" என்றாள்.

நான் சாணி அள்ளிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். "எனக்கு வேணாம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு தடவை பார்த்தாள். பட்டையை அவிழ்த்துச் சுற்றி மறுபடியும் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு ஐயாவ விட ஜாஸ்தி."

அவர் சிரித்துவிட்டார். "இவளுக்கா? எனக்கு ஏத்தி வுட்டுட்டு அவளும் ஏத்திக்கினாளா?"

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் வண்டியில் சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையை எழுதினார். தினமும் ஒன்று, நிறுத்தக் கூடாது, உடம்பு நன்றாக இருந்தாலும் போட வேண்டும் என்றார். இவர், "தலை சுத்துனா போட்டா போதாதுங்களா?" என்று கேட்டார். "தலை சுத்தற வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "ஐயாவுக்கு மறக்காம எடுத்துக் குடுங்கம்மா" என்றார்.

அவரிடம், "அம்மாவுக்கு எடுத்துக் குடுங்க" என்று சொல்லவில்லை. அதில் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், எந்தப் பெண்ணும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பாள். நானும் ஆட்டினேன்.

தினமும் காலையில் அவர் நாஷ்டா முடித்ததும் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் நிற்பேன். முதலில் போட்டுக்கொண்டார். பிறகு டீக்கடையில் யாரோ, "ஒரு தபா ஆரம்பிச்சா சாவற வரைக்கும் வுடாது, அதுக்கு அடிமையாயிடுவ" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நேற்று போட்டாச்சு. இன்றைக்கு வயிறு சரியில்லை. வெயில் இல்லை, மழைக்காலத்தில் பிரஷர் ஏறாது. ஏரித் தண்ணீர் திறப்பதில் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை போட்டு வந்த அன்று மட்டும் தானாகவே வந்து, "இன்னிக்கி ரெண்டு குடு" என்றார். "ரெண்டெல்லாம் போடக் கூடாது" என்றதற்கு, "நேத்து போடாதது ஒண்ணு கீதில்ல, அத்த குடு" என்றார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "மோட்டார் கொட்டாய்க்குப் போயி தண்ணி ஊத்திக் குடிச்சிக்கறேன்" என்று கிளம்பிவிடுவார். வாங்கிக்கொள்கிறாரே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

என் மாத்திரையை நான் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒழுங்காக என்று சொல்ல முடியாது. நடவு நாட்களில் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன், வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றித் தள்ளும் என்று பயந்து விட்டுவிடுவேன். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் என்று விடுவேன். சாயங்காலம் கால் வீங்கினால் இந்த மாத்திரையால்தான் என்று இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பேன். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில், மாதாமாதம் மாத்திரை அட்டை கொண்டுவந்து கொடுக்கிற அந்தப் பெண் சில வாரங்கள் வரவில்லை. அவள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பிறகு தெரிந்தது. அறுவடை வேலை நெருக்கியதால் நாங்களும் சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. அவருடைய அட்டை தீர்ந்துவிட்டது. என்னுடையது ஒரு அட்டை மீதி இருந்தது. ஒரே மாத்திரைதானே என்று அதை அவருக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். வெளியே போகிறவர், வண்டி ஓட்டுகிறவர், நாலு பேரிடம் கத்துகிறவர், அவருக்குத்தான் தேவை என்று நினைத்தேன். எனக்குப் பின்மண்டை வலித்தது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஒரு நாள் அவர் உரம் வாங்க உத்திரமேரூர் போயிருந்தார். கரண்ட் வந்துவிட்டது என்று மோட்டார் போட நான் போனேன். வழக்கமாக நான் போகிற இடம் இல்லை அது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு கொட்டாங்குச்சி கவிழாமல் வைத்திருந்தது. விபூதியோ சுண்ணாம்போ என்று எடுத்துப் பார்த்தேன். மாத்திரைகள். சில வெள்ளையாக, சில பழுத்து மஞ்சளாக, இரண்டொன்றை எறும்பு அரித்து.

மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடியில் கிடந்தவை அவருடையவை. மேலே கிடந்தவை என்னுடையவை. தலைவலியோடு நான் விட்டுக்கொடுத்த மாத்திரைகள்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டாங்குச்சியை வைத்தேன்.

"இன்னாங்க இது?"

பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாத்திர" என்றார்.

"அது தெரியுது. ஏன் அங்க கீது?"

"போட மனசு வரல. தூக்கிப் போடவும் மனசு வரல. காசு குடுக்காம வந்தாலும் மருந்து மருந்துதானே."

"அப்ப ஏன் தினம் என் கையில இருந்து வாங்கினீங்க?"

"நீ எதிர்ல வந்து நிக்கறியே. வாங்காட்டி உன் மனசு நோவும்."

"என் மனசு நோவக் கூடாதுன்னு என் மாத்திரய கொட்டாங்குச்சில போட்டீங்களா? இதுல பாதி என்துங்க. எனக்கு இல்லாம உங்களுக்குக் குடுத்தது."

அவர் பிசைவதை நிறுத்தினார். அது அவருக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "நீ ஏன் குடுத்த? நான் கேட்டனா?" என்றார்.

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. கேட்கவில்லைதான். டாக்டர் சொன்னார், நான் செய்தேன். அவர் கேட்கவே இல்லை.

"சரி" என்றேன். "இனிமே குடுக்க மாட்டேன். உங்க மாத்திர உங்க கையில. எனக்கும் இதே வியாதிதான், நான் என்த பாத்துக்கறேன்."

"பாரு, பாரு" என்று மறுபடியும் பிசைய ஆரம்பித்தார்.

அடுத்த தடவை அந்தப் பெண் வந்தபோது அவருடைய அட்டைகளை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கி ஜன்னல் மேடையில், சவரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். என்னுடையதை அடுப்படியில் காப்பித்தூள் டப்பாவுக்குள் வைத்தேன். விரதமோ நடவோ, காப்பி குடிக்காமல் நான் இருந்ததில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. கால் வீங்குவதைச் சுகாதார நிலையத்தில் சொன்னேன், மாத்திரையை மாற்றிக்கொடுத்தார்கள். இத்தனை நாள் இதைச் சொல்லாமல் எதற்கு நிறுத்திக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. பின்மண்டை வலி போனது. நம்பரும் இறங்கியது.

ஜன்னல் மேடைப் பக்கம் நான் பார்ப்பதில்லை. பெருக்கும்போது கூடக் கண்ணைத் தூக்கியதில்லை. ஒரு முறை, "போடறீங்களா?" என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் மறுநாள் தண்ணீர்ச் சொம்போடு நிற்பேன் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் அவர் விழுந்தார்.

அறுப்பு மெஷின் எங்கள் ஊருக்குள் வந்திருந்தது. யார் நிலத்தில் முதலில் இறக்குவது என்று நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், இவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. நான் ரோட்டோரம் நெல் கொட்டத் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் குரல் மட்டும் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். போன் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். மெஷின் டிரைவர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். நான் போவதற்குள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லப் பார்த்தார். வார்த்தைகள் குழறிக் கொட்டின.

நேரம் கடத்தவில்லை. அந்த டிரைவர் உடனே நூற்றெட்டுக்குப் போன் போட்டார். உத்திரமேரூரில் பார்த்து, அங்கிருந்து செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். மகளும் மருமகனும் எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவரைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"நீங்கதானே கூட இருக்கீங்க?"

"கூடத்தான் இருக்கேன். அவரு போடறதை அவருகிட்ட வுட்டுட்டேன்."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "வைத்தியத்துக்கு எங்களுக்குத் தெரியணும்மா, எப்படியாவது கேட்டுச் சொல்லுங்க" என்றார். அது நியாயம். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, ஜன்னல் மேடையைப் பார்க்கச் சொன்னேன். "எல்லா அட்டையும் பிரிக்காம கீதுக்கா" என்று பதில் வந்தது. டாக்டரிடம் போய், "ஒண்ணு கூடப் போடல" என்றேன்.

அப்போது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். கோபம்தான் வந்தது. படுத்துக் கிடக்கிற மனிதர் மீது கோபப்படலாமா என்றால், படலாம். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, பிஸ்கட். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், பிறகு என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மாத்திர குடுக்கலையா?" ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கேட்டார். அறுப்பு மெஷினுக்காக அவரோடு கத்திக்கொண்டிருந்தவரும் வந்து கேட்டார். ஒருவர் கூட, "அவரு போட்டுக்கலையா?" என்று கேட்கவில்லை. மாத்திரை என்பதே ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குகிற பொருள் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. மகள் கேட்டபோதுதான் பொறுக்க முடியவில்லை. வராண்டாவில் எனக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, "நீ கொஞ்சம் பாத்துக்கினு இருந்திருந்தா நைனாவுக்கு இப்படி ஆயிருக்காதும்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அழுது வீங்கிய முகம்.

"எனக்கும் பிரஷர்டி" என்றேன்.

என்னைப் பார்த்தாள்.

"நைனாவ விட எனக்கு ஜாஸ்தி. அன்னிக்கே போன்ல சொன்னேன் உனக்கு. அதுக்கப்புறம் எத்தினி தபா பேசியிருக்கோம்? நைனா மாத்திர போட்டாரான்னு ஒவ்வொரு தபாவும் கேட்ட. நீ போட்டியான்னு ஒரு தபா கேட்டியா?"

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடித்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த என் மாத்திரையை எடுத்து அவள் எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.

என் நாத்தனார் திருமுக்கூடலிலிருந்து வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. இவருக்கு அக்கா அவர், இவரைத் தூக்கி வளர்த்தவர். கட்டிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அது பொய் அழுகை இல்லை. பிறகு வராண்டாவுக்கு வந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாத்திரையை வாயில் போடப் போகிற நேரம்.

"இன்னா அது?"

"பிரஷர் மாத்திரங்க, அண்ணி. எனக்கு."

"என் தம்பி அப்படிக் கெடக்கறான். உனக்கு இப்ப மாத்திர ஒரு கேடா?"

விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். மூடியைத் திருகி பாட்டிலைக் கீழே வைத்தேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளின் ஆட்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் கை கால் விழுந்துட்டா உங்க தம்பிய யாரு பாக்கறது, அண்ணி?"

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வேளாவேளைக்கு ஒரு மாத்திரய எடுத்துக் குடுக்கத் துப்பு இல்ல. உனக்கு மட்டும் கரெக்டா போட்டுக்கினு இருந்திருக்க."

"ஆமா. எனக்கு நான் போட்டுக்கினேன். அவருக்கும் கை இருந்துது."

"அந்தக் கைதான்டி விழுந்து கெடக்குது. கை இருந்துதுன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வருது?"

"இப்ப விழுந்துது அண்ணி. ஒரு வருஷமா நல்லாத்தான் இருந்துது."

அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இன்று வரை தோன்றவில்லை.

அவருக்கு உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கை வலுவில்லாமல் போனது, வலது காலை இழுத்து நடக்க வேண்டியிருந்தது, பேச்சு மெதுவாக வந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தோம். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலம் அள்ளினேன். எழுந்து உட்காரவே முடியாத அந்த நாட்களில் மாத்திரையையும் நானேதான் வாயில் போட்டேன். நான் கல் இல்லை. ஆனால் இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார், போனைத் தேய்க்கக் கற்றுக்கொண்டார். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பையன், முடிந்ததையெல்லாம் அவரையே செய்யவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் மாத்திரை அட்டைகளையும் தண்ணீரையும் அவருக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலில் வைத்தேன்.

"இனிமே நீங்களே போட்டுக்குங்க."

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கையால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. தொடையில் வைத்து அழுத்தினார், வழுக்கியது. பல்லால் கடித்தார். மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. உதவிக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் ஓடி வந்து குனிந்தார்.

"வுடுங்க அண்ணி. அட்டையில இன்னும் கீது."

"நீ பொம்பளையா?" என்றார் நாத்தனார். குனிந்தபடியே, மெதுவாக.

இவர் அடுத்ததைப் பிதுக்கினார். வேர்த்துவிட்டது அவருக்கு. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பை ஸ்டூலில் ணங்கென்று வைத்தார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் மறுநாளும் போட்டார். மூன்றாம் நாள் கத்தரிக்கோல் கேட்டார். கொடுத்தேன். அட்டையின் ஓரத்தை நறுக்கி எடுக்கப் பழகிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, நாத்தனார் ஊருக்குக் கிளம்புகிற அன்று, தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே, "ஒயுங்கா மாத்திர குடுத்திருந்தா நீ ஏண்டா இப்படி ஆவப்போற" என்று ஆரம்பித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நான் நின்றேன்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வந்து சேர நேரம் பிடித்தது.

"எக்கா... அவ குடுத்தா. தினம் குடுத்தா. நான்தான்... போடல."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், அவள வுட்டுக் குடுக்காம பேசறான் பாரு. அப்பலேருந்து இவன் குணம் இதுதான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் மறுபடியும் சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை. "வுடுங்க" என்றேன். நாத்தனார் இன்றைக்கும் நம்பவில்லை. திருமுக்கூடலில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தம்பியைப் பார்க்காமல் விட்ட பொண்டாட்டி என்று என்னை யாருக்காவது காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். காட்டட்டும். அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

அவர் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்ததா என்றால், இருந்தது. இல்லாவிட்டாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். மீதியை நான் பார்க்கிறேன். அறுப்பு மெஷினுக்கு இப்போது நான்தான் போய்க் கத்துகிறேன். மகள் போன் செய்தால் முதலில் என்னிடம், "மாத்திர போட்டியாம்மா?" என்று கேட்கிறாள். சில நாள் அதுவே பேஜாராக இருக்கிறது. "போட்டேன்டி, நீ உன் வேலையப் பாரு" என்பேன்.

போன வருடம் எங்கள் மகளிர் குழுப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போனார்கள். நானும் பெயர் கொடுத்தேன். ஊரே கூடிப் பேசியது. கை கால் விளங்காத மனிதரை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறாளாம். அவரிடம்தான் கேட்டேன். "போய்ட்டு வா" என்றார். "சோறு?" "பொங்கிக்குவேன்." பால் கறக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். வேறு எதுவும் சொல்லிவைக்கவில்லை.

வேன் விழுப்புரம் தாண்டியதும் நாத்தனார் போன் செய்தார்.

"போய்ட்டியாமே. அவனுக்கு மாத்திர யாரு குடுப்பா?"

"அவரே போட்டுக்குவாருங்க, அண்ணி."

"மறந்துட்டா?"

"மறந்தா டாக்டருகிட்ட அவரே பதில் சொல்லட்டும்."

போனை வைத்துவிட்டார். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்திக்கும் பிரஷர் உண்டு என்று எனக்குத் தெரியும். வீட்டில் மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லியிருந்தாள். "மதுரையில வேன் நிக்கும்போது மருந்துக் கடைக்குப் போலாம், சீட்டு போன்ல கீதா?" என்று கேட்டேன். "ஒரு வாரம் போடலன்னா இன்னாக்கா ஆவும்?" என்றாள். என்ன ஆகும் என்று அவளுக்குச் சொன்னேன். மதுரையில் இறங்கி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சாயங்காலம். அவர் வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சட்டையில் குழம்புக் கறை. எப்படி இருந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"சின்ன மாடு... காலையிலேருந்து கத்துது" என்றார். "சினை ஊசி போட... ஆளுக்குச் சொல்லணும்."

மாத்திரையைப் பற்றி நானும் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.